பட்டியலில் இல்லாத எண்

ஜூலை 9

அன்புள்ள வண்டுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டுவிடாதே. இருபத்தாறு வருஷம் கழித்து எழுதுகிறேன். போனில் பேசிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று தடவை கூப்பிட்டேன், மூன்று தடவையும் ஒரே மணியில் அடங்கிவிட்டது. என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருக்கிறாய் என்பது புரிந்தது. என் நம்பர் உனக்கு எப்படிக் கிடைத்தது என்பதுதான் புரியவில்லை.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் உன் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். முதலாம் ஆண்டு, புள்ளியியல். நான் சொல்லிச் சேரவில்லை. அவளே விண்ணப்பம் போட்டாள், இடமும் கிடைத்துவிட்டது. ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டும்போதுதான், "அங்க பாஸ்கெட்பால் டீம் சூப்பரா இருக்குமாம்மா, கோச் பயங்கர கண்டிப்பாம்" என்று சொல்லி உன் பேரையும் சொன்னாள். அதற்குப் பிறகு நான் மடித்த துணிகளையெல்லாம் அவள் திரும்ப மடிக்க வேண்டியிருந்தது.

என்னைவிட ஓர் அங்குலம் கூடுதல் உயரம். பந்து என்றால் சோறு தண்ணி வேண்டாம். நான் ஒரு காலத்தில் ஆடியவள் என்று அவளுக்குத் தெரியும், மெடல்கள் கூடத்து அலமாரியில்தான் இருக்கின்றன. நீயும் நானும் ஒரே அணியில் ஆடியது தெரியாது. நான் சொல்லவே இல்லை.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவளை உன் அணியில் சேர்த்துக்கொள்ளாதே. ஓட்டம் போதாது, கை உறுதி போதாது, ஏதாவது ஒன்று சொல்லி அனுப்பிவிடு. இரண்டு நாள் அழுவாள், அப்புறம் டேபிள் டென்னிஸ் பக்கம் போய்விடுவாள். உனக்கு என்மேல் இருப்பது எனக்குத் தெரியும். அதை என்மேலேயே காட்டு. சின்னப் பெண்ணின் தலையில் கட்டாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். அப்போதே வலிக்கும் உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது?

இன்னமும் உன் தோழி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும்,
ஒட்டகம்


ஜூலை 16

ஒட்டகத்துக்கு,

மேலே எழுதிவிட்டு அடித்திருக்கும் சொல் "அன்புள்ள". பழக்கதோஷத்தில் வந்துவிட்டது.

உன் கடிதம் இரண்டு நாள் தாமதம். திங்கட்கிழமையே அணித் தேர்வு முடிந்துவிட்டது. நாற்பத்து மூன்று பெண்கள் வந்தார்கள். உன் மகள் யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளரங்கத்தின் கதவு பத்தடி உயரம், அதில் நுழையும்போதும் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். இந்த உலகத்தில் அப்படி நுழைகிறவள் இன்னொருத்தியை எனக்குத் தெரியும். அன்றைக்கே பன்னிரண்டாவது ஆளாக அவளை எடுத்துவிட்டேன். முன்னாலேயே உன் கடிதம் வந்திருந்தால் முதல் ஆளாகவே எடுத்திருப்பேன்.

முழங்காலை விசாரித்ததற்கு நன்றி. மாடி ஏறும்போது வலிக்கிறது. வலிக்கும்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்கிறேன். அதனால் ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது உன் ஞாபகம் வருகிறது.

"உனக்கு என்மேல் இருப்பது" என்று பூசி மெழுகி எழுதியிருக்கிறாயே, அது என்னவென்று நான் சொல்கிறேன். உன் ஞாபக மறதிதான் ஊரறிந்ததாயிற்றே! கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டம். நீ கேப்டன். நம் பி.டி. சார் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ரகம், அதனால் பட்டியல் எழுதும் வேலை உன்னுடையது. ஆட்டத்துக்கு முன்னால் ஸ்கோர் டேபிளில் கொடுக்கும் பட்டியலில் எவள் எண் இல்லையோ, அவள் அன்றைக்குக் களத்தில் கால் வைக்க முடியாது. குழந்தைக்கும் தெரிந்த விதி. இரண்டாம் பாதியில் சார் என்னைக் கூப்பிட்டார். ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். மேசையில் இருந்தவர் விரலை வைத்து மேலிருந்து கீழே தேடினார், கீழிருந்து மேலே தேடினார். "ஏழாம் நம்பர் இதுல இல்லையேம்மா" என்றார். முன்வரிசையில் மாநில அணித் தேர்வாளர்கள். அவர்களில் ஒருவர் சிரித்தார். நான் திரும்பி நடந்துவந்து உட்கார்ந்தேன். நீ அன்றைக்கு இருபத்திரண்டு புள்ளி எடுத்தாய். மாநில அணி கிடைத்தது, அதை வைத்து வங்கி வேலையும் கிடைத்தது. எனக்கு, "ஐயோ மறந்துட்டேண்டி, சத்தியமா மறந்துட்டேன்" கிடைத்தது.

பன்னிரண்டு பேரை எழுதும்போது உன்கூட ஒரே தட்டில் சாப்பிட்டவளை மறந்துவிட்டாயாம். காதில் பூச்சுற்ற வேறு ஆளைப் பார்.

உன் மகளை என்ன செய்யப் போகிறேன் தெரியுமா? ஒன்றுமே செய்ய மாட்டேன். திட்ட மாட்டேன், அடிக்க மாட்டேன். உட்கார வைப்பேன். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருப்பாள். நீ வந்து பார்க்கலாம், அனுமதி இலவசம்.

போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் என் வாய் சும்மா இருக்காது. எழுது. எழுதியதைப் பிறகு மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாதல்லவா.

வண்டு


ஆகஸ்ட் 2

அன்புள்ள வண்டுக்கு,

நான் அடிக்காமலேயே எழுதுகிறேன், பார்.

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். கவுன்ட்டரில் ஆள் நின்றுகொண்டே இருந்தார். நான் எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மேலாளர் என்ற பலகையை மேசைமேல் வைத்துக்கொண்டு இந்த வயதில் இது தேவையா சொல்.

அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று பார்த்தேன். "வேற காலேஜ் பாக்கலாமா கண்ணு" என்று சும்மா கேட்டதற்கே, "உனக்கு என்னம்மா ஆச்சு, டீம்ல எடுத்துட்டாங்க, நீ குதிக்க வேண்டாமா?" என்று கேட்டாள்.

மறுபடியும் சொல்கிறேன், அன்றைக்கு மறந்துதான் போனேன். பதற்றம். நீ நம்பாமல் போனால் நான் என்ன செய்யட்டும்? அன்றைக்கு நீ எல்லார் முன்னாலும் என்னை என்னவெல்லாம் திட்டினாய். உன் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி என்மேல் எறிந்தாய். வாங்கிக்கொண்டேன்தானே? திருப்பி ஒரு வார்த்தை பேசினேனா?

குழந்தையைப் பார்த்தால் உன் மனசு மாறும் என்று நம்புகிறேன். அவள் காலையில் எழுந்ததும் வாழைப்பழமாவது சாப்பிடுகிறாளா என்று மட்டும் பார்த்துக்கொள். வெறும் வயிற்றில் ஓடினால் தலை சுற்றும்.

உன் ஒட்டகம்


செப்டம்பர் 14

ஒட்டகத்துக்கு,

வாழைப்பழம் சாப்பிடுகிறாள். இரண்டு சாப்பிடுகிறாள். பெஞ்சில் உட்காருவதற்கு எதற்கு இவ்வளவு சத்து என்றுதான் தெரியவில்லை.

நான்கு ஆட்டம் முடிந்தது, மூன்றில் வென்றோம். முதல் ஆட்டம் ஒருதலைப்பட்சம். கடைசி ஐந்து நிமிஷம், ஷூ லேஸ் கட்டத் தெரியாத பெண்ணைக்கூட இறக்கிவிட்டேன். உன் மகளை இறக்கவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். சரி, முதல் ஆட்டம்தானே, போகப் போகத் தெரியும் என்று விட்டுவிட்டேன். இரண்டாவதிலும் தட்டினாள்.

மூன்றாவது ஆட்டத்தில் இரண்டு புள்ளியில் தோற்றோம். எங்களிடம் ஒருத்தி இருக்கிறாள், ஸ்பிரிங் என்று பேர் வைத்திருக்கிறார்கள், துள்ளலைப் பார்த்தால் நீயே கண் வைப்பாய். பந்து கைக்கு வந்தால் வளையத்தைத் தவிர வேறு எதுவும் அவள் கண்ணுக்குத் தெரியாது. கடைசி எட்டு விநாடி. இரண்டு பேர் ஆளில்லாமல் நின்று கத்துகிறார்கள். இவள் மூன்று பேரைத் தாண்டிக் குதித்து எறிந்தாள். பந்து வளையத்தைச் சுற்றி வந்து வெளியே விழுந்தது. பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். இத்தனை வருஷத்தில் நான் தோற்ற ஆட்டங்களில் பாதியை எதிரணி ஜெயிக்கவில்லை. பக்கத்தில் நிற்பவள் பேர் வாங்கிவிடுவாளோ என்கிற பயம்தான் ஜெயித்தது. இதை நான் யாரைப் பார்த்துக் கற்றேன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

நான்காவது ஆட்டத்தில்தான் எனக்கு எரிச்சல் வந்தது. எதிரணியில் ஒன்பதாம் நம்பர் எங்களைப் பம்பரமாய்ச் சுற்றவைத்துக்கொண்டிருந்தாள். உன் மகள் மெதுவாக நகர்ந்து நகர்ந்து என் பக்கத்துக்கு வந்துவிட்டாள்.

"மேம், அவ இடது பக்கம் போறதுக்கு முன்னாடி தோளைத் தூக்குறா. வலது பக்கம்னா தூக்கறதில்ல."

"உன்ன யாராவது கேட்டாங்களா?"

"இல்ல மேம்." போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

டைம் அவுட்டில் அதையே என் கண்டுபிடிப்பு மாதிரி கேப்டனிடம் சொன்னேன். அடுத்த ஆறு நிமிஷத்தில் கேப்டன் நான்கு பந்தைப் பறித்தாள். வென்றோம். எல்லாரும் என்னைத் தூக்காத குறை. உன் மகளும் வந்து, "சூப்பர் மேம்" என்றாள். அதில் கிண்டல் இருக்கிறதா என்று முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். இல்லை. கிண்டல் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

பெண்கள் அவளுக்கு ஏணி என்று பேர் வைத்திருக்கிறார்கள். நான் வைக்கவில்லை. ஆனால் கேட்டதும் சிரித்தேன்.

அவள் இதுவரை நூற்று அறுபது நிமிஷம் உட்கார்ந்திருக்கிறாள். நான் அன்றைக்கு நாற்பதுதான் உட்கார்ந்தேன். வட்டியோடு வருகிறது, பெற்றுக்கொள்.

வண்டு


அக்டோபர் 3

அன்புள்ள வண்டுக்கு,

உனக்கு ஒரு கெட்ட செய்தி. என் மகள் சந்தோஷமாக இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசுகிறாள். பேச்சில் பாதி நீதான். "பெஞ்சுல உக்காந்தாதாம்மா ஆட்டமே தெரியுது. மேம் சொல்றது எல்லாம் மொதல்ல என் காதுலதான் விழுது. அவங்க என்னை வேணும்னேதான் உக்கார வெச்சிருக்காங்க, பொறுமை கத்துக்கட்டும்னு." வேணும்னே என்பது மட்டும் சரியாகத்தான் சொல்கிறாள். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "ஏம்மா சிரிக்கற?" என்றாள். இருமல் என்று சொன்னேன்.

நீ என்னை அழவைக்க எய்த அம்பு வேறெங்கோ போய் விழுந்துவிட்டது. எனக்கு இப்போது நன்றாகத் தூக்கம் வருகிறது. மூன்று வருஷமும் உட்கார வைத்தாலும் அவள் உன்னைக் கோச் என்றுதான் கும்பிடுவாள்.

கோபித்துக்கொள்ளாதே. விளையாட்டாகத்தான் சொல்கிறேன். உன்னோடு வம்பு வளர்த்து எவ்வளவு நாளாயிற்று!

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நீச்சல் நல்லது என்கிறார்கள்.

உன் ஒட்டகம்


நவம்பர் 20

ஒட்டகத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு மாதம் பதில் எழுதவில்லை. வயிற்றெரிச்சல்தான் காரணம், வேறு எதுவும் இல்லை.

இப்போது கேள். நேற்று அரையிறுதி. மூன்றாவது குவார்ட்டரில் கேப்டனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. ஒன்பது புள்ளி பின்தங்கியிருக்கிறோம். பெஞ்சைப் பார்த்தேன். எல்லாரும் தங்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோற்றாலும் பரவாயில்லை, இவளை இறக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் வாய் அவள் ஜெர்சி எண்ணைக் கூப்பிட்டு, "பதினாலு, எழுந்திரு" என்று சொல்லிவிட்டது. இருபது வருஷம் கோச்சாக இருந்த வாய், என்னைக் கேட்காமல் பேசிவிட்டது.

பதினான்கு நிமிஷம் ஆடினாள். எடுத்தது ஆறே புள்ளிதான். ஆனால் மற்ற நாலு பேரையும் ஆடவைத்தாள். யார் எங்கே வருவாள் என்று முன்னாலேயே தெரிந்து பந்து போய் நின்றது. ஸ்பிரிங்கே இரண்டு தடவை பாஸ் கொடுத்தாள் என்றால் பார்த்துக்கொள். நான்கு மாதமாக உட்கார்ந்து எல்லாரையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். ஐந்து புள்ளியில் வென்றோம். நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. உன் மகள் என்பது எனக்கு அந்தப் பதினான்கு நிமிஷமும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஓடிவந்து என்னைத்தான் முதலில் கட்டிக்கொண்டாள்.

டிசம்பர் 1 இறுதி ஆட்டம். பாலத்துக்கு அந்தப் பக்கக் கல்லூரியோடு. நான் பயப்படும் அணி உலகத்தில் அது ஒன்றுதான். மாநில அணித் தேர்வாளர்கள் வருகிறார்கள். கேப்டன் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடுவாள். உன் மகளை முதல் பாதி பக்கத்தில் வைத்துக்கொண்டு எதிரணியைப் படிக்கவிடுவேன், இரண்டாம் பாதியில் இறக்குவேன். அவளிடமும் சொல்லிவிட்டேன். ஹாஸ்டலில் தூக்கமே இல்லையாம்.

நீ வா. நான் மனம் மாறிவிட்டேன் என்று எண்ணிக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். உன் மகள் ஆடப்போகும் ஆட்டம் என்னுடையது. அவள் ஜெயித்துவிட்டு யாரைக் கட்டிக்கொள்கிறாள் என்பதை நீ உன் கண்ணால் பார்க்க வேண்டும். அது போதும் எனக்கு.

வண்டு


டிசம்பர் 4

ஒட்டகத்துக்கு,

நீ பார்த்தாய். ஆனால் பாதியைத்தான் பார்த்தாய். மீதியை நான் சொல்கிறேன்.

ஆட்டத்துக்கு நாற்பது நிமிஷம் முன்னால் ஸ்கோர் டேபிளில் உட்கார்ந்து பட்டியல் எழுதினேன். கேப்டன், ஸ்பிரிங், வரிசையாகப் பதினொரு பேர். நிமிர்ந்து பார்த்தேன். நீ அரங்கத்துக்குள் வந்துகொண்டிருந்தாய். தலையைக் குனிந்துதான். முன்வரிசையில் இருந்த தேர்வாளர் அம்மாள் உன்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்தார். உன்னோடு மாநில அணியில் ஆடியவராம். குஷன் போட்ட நாற்காலியை உனக்கு இழுத்துப் போட்டார். அவர் ஏதோ சொல்ல, நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த அம்மாள் எனக்காக எழுந்திருக்க வேண்டும்.

பதினான்கை நான் எழுதவில்லை.

உன்னை மாதிரி மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். திட்டம் போட்டு வரவும் இல்லை, அன்று காலை வரைக்கும் அவளை ஆடவைக்கத்தான் இருந்தேன். ஆனால் மறக்கவில்லை. மேசையில் இருந்தவர் கேட்டார், "பதினொண்ணுதானா மேடம்?" ஆமாம் என்றேன். ஆட்டத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் சரிபார்த்துக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். அப்போதாவது சேர்த்திருக்கலாம். கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாம் பாதி தொடங்கியதிலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பவில்லை. நான்காவது குவார்ட்டரில் கேப்டனுக்கு ஐந்தாவது ஃபவுல், வெளியே வந்துவிட்டாள். நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். பேசி வைத்திருந்தபடி உன் மகள் தானே எழுந்தாள், ஜாக்கெட்டைக் கழற்றினாள், மேசைக்கு ஓடினாள். நில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகட்டும் என்று விட்டேன். எல்லார் முன்னாலும் போய் நிற்கட்டும், நீ பார்க்கட்டும் என்று விட்டேன். "பதினாலு இதுல இல்லையே." நடுவர் வந்து பார்த்தார். அரங்கமே பார்த்தது. அவள் திரும்பி நடந்து வந்ததையும் நீ எழுந்து நின்றதையும் நான் ஒரே நேரத்தில் பார்த்தேன். மூன்று புள்ளியில் தோற்றோம்.

இருபத்தாறு வருஷம் இந்த ஒரு நிமிஷத்துக்காகக் கறுவிக்கொண்டிருந்தேன். அது எனக்கு இனிக்கவில்லை.

உடை மாற்றும் அறையில் கேப்டன் என்மேல் பாய்ந்தாள். "எப்படி மேம் மறப்பீங்க? எப்படி?" அப்போது உன் மகள் என்ன சொன்னாள் தெரியுமா? "விடு, வேணும்னா செஞ்சாங்க? காலையில நான்தான் ஒரு தடவை ஞாபகப்படுத்தியிருக்கணும்." எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நீ என்னோடு பேசாமல் போய்விட்டாய். சரிதான். உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன். என் பழி தீர்ந்துவிட்டது. இனி உன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

வண்டு


டிசம்பர் 11

வண்டுக்கு,

நான் மறக்கவில்லை.

இருபத்தாறு வருஷமாக நீ கேட்ட வார்த்தை இதுதானே? எடுத்துக்கொள். அன்றைக்குக் காலை, போகும் பஸ்ஸில், ஒட்டகம் எப்படித் தண்ணீர் குடிக்கும் என்று நீ நடித்துக் காட்டினாய். கழுத்தை நீட்டி, உதட்டைத் தொங்கவிட்டு, என் நடையையும் சேர்த்து. எல்லாரும் சிரித்தார்கள். எப்போதும் சிரிப்பதுதான், அந்தப் பேரே நீ வைத்ததுதான், நானும் கூடச் சேர்ந்து சிரிப்பவள்தான். ஆனால் அன்றைக்கு முதல்முறையாக என் அப்பா ஆட்டம் பார்க்க வந்திருந்தார். முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். என் உயரத்துக்கு மாப்பிள்ளை எங்கே தேடுவேன் என்று தினமும் புலம்புகிற மனிதர். அவரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பட்டியல் எழுதும்போது அந்தச் சிரிப்புதான் காதில் இருந்தது. ஏழாம் எண்ணை எழுதாமல் விட்டுவிட்டு எட்டை எழுதினேன்.

பத்தே நிமிஷத்தில் மனசு கேட்கவில்லை. ஓடிப்போய்ச் சேர்க்கலாம் என்று நினைத்தேன். போகவில்லை. நீ எழுதியிருப்பதைப் படிக்கும்போது என் கையையே பார்த்த மாதிரி இருந்தது. அதற்காக நான் உன்னை மன்னிக்கப் போகிறேன் என்று நினைக்காதே. நான் செய்தது உனக்கு. நீ செய்தது உனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவளுக்கு.

என்னிடம் உண்மையைக் கொட்டிவிட்டு, பழி தீர்ந்தது, ஒன்றும் இல்லை என்று கையைக் கழுவிக்கொள்கிறாய். என்னிடம் சொல்வது பெரிய காரியமா? அவளிடம் சொன்னாயா? சொல்ல மாட்டாய். உன்னால் முடியாது. எனக்குத் தெரியும், நான் முயன்று பார்த்தவள்.

அவளை அந்தக் கல்லூரியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று அவள் அப்பா குதிக்கிறார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லப் போவதில்லை. திங்கட்கிழமை காலை வழக்கம்போல உன் களத்துக்கு வருவாள். மேம், மேம் என்று உன் பின்னாலேயே சுற்றுவாள். நீ அன்றைக்கு என்னைத் திட்டினாய், பாட்டிலை எறிந்தாய். அதனால் எனக்கு உன்மேல் கோபப்பட முடிந்தது, பிழைத்துக்கொண்டேன். உன்னைத் திட்டாதவளை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய்? இன்னும் இரண்டரை வருஷம் இருக்கிறது. அனுபவி.

இனி எழுதாதே.

அவள் அம்மா


டிசம்பர் 18

அன்புள்ள கேப்டனுக்கு,

எழுதாதே என்றாய். இது கடைசி.

திங்கட்கிழமை வந்தாள். ஸ்டோர் ரூமில் இருவரும் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தோம். நீ முடியாது என்று எழுதியதனால்தான் சொன்னேனோ என்னவோ, தெரியவில்லை. சொன்னேன். மேசையில் பதினொன்றுதானா என்று கேட்டதை, ஆமாம் என்றதை, இரண்டாம் தடவை கையெழுத்துப் போட்டதை, நில் என்று சொல்லாததை. ஏன் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். பஸ்ஸில் நான் நடித்துக் காட்டியதையும் சேர்த்துத்தான் சொன்னேன். ஏழாம் நம்பர் விட்டுப்போனது எப்படி என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். பம்ப்பைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் என்னை, எதிரணிக்காரியைப் பார்க்கிற மாதிரி, தோளிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"எங்க அம்மா மறந்தாங்களா மேம், இல்ல உங்கள மாதிரியா?"

"அத உங்க அம்மாகிட்டதான் கேக்கணும்."

சரி என்றாள். பையைத் திறந்து ஜெர்சியை எடுத்து மேசைமேல் வைத்தாள். துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள், பாவம், பயிற்சிக்கு என்று. "நீங்க எந்த டீமைப் பாத்துப் பயப்படுவீங்க?" என்று கேட்டாள். பாலத்துக்கு அந்தப் பக்கக் கல்லூரி என்று உண்மையைச் சொன்னேன். மறுநாள் அந்தக் கல்லூரிக்கு மாற்றல் விண்ணப்பத்தோடு வந்து நின்றாள். விளையாட்டுத் துறையின் கையெழுத்து வேண்டுமாம். வாங்கி முழுதும் படித்துப் பார்த்துவிட்டுப் போட்டுக் கொடுத்தேன். "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றாள். மேம் என்று சொல்லவில்லை. அவளுக்கு என் ஒவ்வோர் ஆட்டமுறையும் தெரியும், என் பெண்கள் ஒவ்வொருத்தியின் தோளும் தெரியும். அடுத்த வருஷம் எங்களை அடித்து நொறுக்கிவிடுவாள். எனக்கு வேண்டியதுதான்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஊருக்கு வருகிறாள். போனில் கேட்க மாட்டாளாம், முகத்தைப் பார்த்துத்தான் கேட்பாளாம். உன் கடிதத்தைக் காட்டிவிடலாம் என்று எடுத்துக்கூட வைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நீயே உன் வாயால் சொல். பதினொரு மணிக்கெல்லாம் வந்துவிடுவாள்.

வண்டு